மொய் விருந்து தேதி தெரியும்... வரி கட்டும் தேதி தெரியுமா? சிறிய ஊர்களில் தகவல் எப்படிப் பரவுகிறது?

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, தஞ்சாவூர் மாவட்டத்தின் பேராவூரணி பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தாலே போதும். யார் வீட்டில் எப்போது மொய் விருந்து என்பது தெரிந்துவிடும். கடைவீதியில் ஃபிளெக்ஸ், டீக்கடைச் சுவரில் போஸ்டர், வீட்டுக்கு வரும் அழைப்பிதழ், வாட்ஸ்அப்பில் அதே அழைப்பிதழின் போட்டோ என்று ஒரே தேதி நாலு வழியில் வந்து சேரும். ‘எனக்குத் தெரியாதுப்பா’ என்று யாரும் தப்பிக்க முடியாது.

அதே ஊர்க்காரரிடம் இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். வீட்டு வரியை எந்தத் தேதிக்குள் கட்டினால் தள்ளுபடி கிடைக்கும்? இந்த மாதம் எந்த நாள் கரண்ட் இருக்காது? உங்கள் வார்டில் கடைசியாக எப்போது மக்கள் கூட்டம் நடந்தது? பெரும்பாலும் ‘கவுன்சிலரைத்தான் கேக்கணும்’ என்பார்கள். இல்லையென்றால் வெறும் சிரிப்புதான்.

ஒரே ஊர், ஒரே சுவர், ஒரே செல்போன். ஒரு தகவல் மட்டும் எல்லாருக்கும் போகிறது, இன்னொன்று போகவில்லை. ஏன்?

பெயர் இருந்தால் போதும்

மொய் விருந்து எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அந்த இடைவெளியில்தான், ஆவணி வரை, இந்தப் பகுதியில் விருந்துக் காலம். பணத் தேவை இருக்கிறவர் விருந்து வைப்பார். தனியாகவும் வைக்கலாம், பத்து இருபது பேர் சேர்ந்து ஒரே பந்தலிலும் வைக்கலாம். கறிக்குழம்புச் சாப்பாடு. சாப்பிட்டு எழுந்தவர்கள் மொய் எழுதும் இடத்துக்குப் போய் ஊர், பெயர், தொகை சொல்லி எழுதிவிட்டு வருவார்கள். வாங்கியவர், எழுதியவர் வீட்டு விருந்தில் அந்தத் தொகையைத் திருப்பி எழுத வேண்டும். அதோடு கொஞ்சம் புதிதாகவும் சேர்த்து எழுதுவது வழக்கம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. நோட்டுதான் சாட்சி. இப்போது லேப்டாப், பணம் எண்ணும் மெஷின் எல்லாம் வந்துவிட்டன. 2019-ல் வடகாட்டில் ஒரே விவசாயிக்கு 4 கோடி ரூபாய் அளவில் மொய் வந்தது பெரிய செய்தியானது.

இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் தகவல் தவறினால் என்ன ஆகும்? விருந்து வைப்பவருக்கு வர வேண்டிய மொய் வராது. எழுத வேண்டியவருக்கோ மானப் பிரச்சினை. ‘வாங்கிட்டுத் திரும்பச் செய்யல’ என்ற பேச்சு ஊரில் நிற்கும். அதனால் சொல்பவருக்கும் சொல்லியே ஆக வேண்டும், கேட்பவருக்கும் கேட்டே ஆக வேண்டும். அழைப்பிதழில் விருந்து வைக்கிற எல்லாருடைய பெயரும் இருக்கும். ஒவ்வொருவரும் தன் பங்காளி, மாமன் மச்சான், பழைய மொய் நோட்டில் இருக்கிற பெயர்கள் என்று தனித்தனியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இருபது பேர் பெயர் போட்டால் அந்த ஒரு நோட்டீஸுக்கு இருபது ‘டெலிவரி’ ஆட்கள்.

கோயில் திருவிழாவும் இப்படித்தான். பேராவூரணி நீலகண்டப் பிள்ளையார் கோயில் சித்திரைத் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள், வேறு எந்த ஊர்த் திருவிழாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸில் ஒவ்வொரு நாள் மண்டகப்படிக்கும் ஒரு பெயர் இருக்கும். பந்தல் உபயம் ஒருவர், ஒலி-ஒளி உபயம் ஒருவர், அன்னதானம் ஒரு தெருக்காரர்கள். பெயர் வந்த ஒவ்வொருவரும் நோட்டீஸைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுவார்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கிறவர்கள் நிறைய உள்ள பகுதி இது. காப்புக்கட்டு என்றைக்கு என்பது அடுத்த தெருக்காரருக்குத் தெரிவதற்கு முன்னால் சிங்கப்பூரில் இருக்கிற தம்பிக்குத் தெரிந்துவிடுகிறது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காதணி விழா ஃபிளெக்ஸ், கபடிப் போட்டி பிட் நோட்டீஸ், எல்லாவற்றிலும் இதே கதைதான். கபடி நோட்டீஸில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு தருகிறவர்களின் பெயர்கள் போட்டி தேதியைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். கிண்டல் செய்யலாம். ஆனால் அந்த நோட்டீஸ் ஊர் முழுக்கப் போய்ச் சேர்வதே அந்தப் பெயர்களால்தான்.

அரசு அறிவிப்பில் யார் பெயரும் இருக்காது. கீழே ‘செயல் அலுவலர்’ என்று ஒரு பதவி இருக்கும், அவ்வளவுதான். பேரூராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டினால் விதிப்படி வேலை முடிந்தது. அதைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட யாருக்கும் காரணம் இல்லை.

தண்டோராவிலிருந்து மைக் ஆட்டோவுக்கு

முன்பு அரசுத் தகவலைத் தெருத் தெருவாகக் கொண்டுபோனது தண்டோரா. பறையடித்து, கூட்டம் சேர்ந்ததும் சேதி சொல்வது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் இன்னமும் இதைச் சொல்கிறது. 1908-ம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், ஒரு சொத்தை ஜப்தி செய்தால் அந்த இடத்தில் முரசடித்தோ, அந்தப் பகுதி வழக்கப்படி வேறு விதத்திலோ அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறது.

ஆனால் அந்தப் பறையை அடித்தது யார்? பெரும்பாலான ஊர்களில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர். விருப்பப்பட்டு எடுத்துக்கொண்ட வேலை இல்லை, பரம்பரையாக அவர்கள் தலையில் கட்டப்பட்டது. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அரசுத் தகவலைச் சொல்ல இனி தண்டோரா வேண்டாம், வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்பது அதன் சாரம். மேடையில் கலையாக ஒலிக்கும் பறை வேறு, ‘போய் அடிச்சுட்டு வா’ என்று ஏவப்படும் பறை வேறு. நிறுத்த வேண்டியதை நிறுத்தியது சரிதான்.

அந்த இடத்துக்கு மைக் ஆட்டோ வந்தது. ஆனால் ஆட்டோவுக்கு வாடகை, மைக் செட்டுக்கு வாடகை, பேசுகிற ஆளுக்குக் கூலி. தடுப்பூசி முகாம், டெங்கு, குடிநீர் நிறுத்தம் போன்ற அவசரங்களுக்குத்தான் வண்டி வரும். அதுவும் மெயின் ரோட்டில் வேகமாகப் போகும்போது காதில் விழுவது ‘பொதுமக்கள் அனைவரும்...’ என்பது வரைதான். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது. வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர் பகலில் வந்த வண்டியைக் கேட்டிருக்கவே முடியாது.

ஃபிளெக்ஸுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தார். அனுமதி இல்லாத பேனர்களை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. கட்சிகள் பேனர் வைக்க மாட்டோம் என்றன. சிறிய ஊர்க் கடைவீதிகளில் அதன் பிறகு எவ்வளவு குறைந்தது என்பதை வாசகர்களே நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

தெரியாமல் போனால் என்ன நஷ்டம்?

‘அரசு அறிவிப்பு தெரியலைன்னா என்ன, குடியா முழுகிடும்?’ என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் வரி. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் வரியில் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அதிகபட்சம் 5,000 ரூபாய். சிறிய வீட்டுக்குப் பெரிய தொகை இல்லைதான். ஆனால் தள்ளித் தள்ளிக் கட்டினால் அபராத வட்டி சேரும்.

அடுத்தது கரண்ட். துணை மின் நிலையப் பராமரிப்புக்காக மாதம் ஒருநாள் மின் நிறுத்தம் இருக்கும். பெரும்பாலும் காலை 9 மணிக்குப் போனால் மதியமோ மாலையோதான் வரும். நாளிதழ்களில் ஊர்ப் பெயர்களைப் பொடி எழுத்தில் வரிசையாகப் போட்டிருப்பார்கள். மாவு மில் வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். முதல்நாளே தெரிந்தால் அதிகாலையில் அரைத்துக் கொடுத்துவிடலாம். கீரமங்கலம் பூ மார்க்கெட்டை நம்பி இருக்கிறவர் தோட்டத்துக்கு முந்தின இரவே தண்ணீர் பாய்ச்சிவிடலாம். வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வைத்திருக்கிற நோயாளிக்கு இது ரூபாய்க் கணக்கே இல்லை.

அப்புறம் வாக்காளர் பட்டியல். 2025 நவம்பர் 4-ல் தமிழ்நாட்டில் சிறப்பு தீவிர திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொடுத்து, நிரப்பி வாங்கினார்கள். டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் ஏற்கெனவே இருந்த சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. அதில் தன் பெயர் தவறுதலாகப் போயிருந்தால், பட்டியலைப் பார்த்து உரிய நாட்களுக்குள் விண்ணப்பித்தால்தான் திரும்பச் சேரும். பட்டியல் வாக்குச்சாவடியில் ஒட்டப்பட்டது, இணையத்திலும் வந்தது. வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள், வீட்டில் தனியாக இருக்கிற வயதானவர்கள் என்று வாழும் ஊர்களில் அதை யார் போய்ப் பார்த்துச் சொல்வது?

ஒரு நல்ல உதாரணமும் உண்டு. 2025 ஜூலை 15-ல் சிதம்பரத்தில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களுக்கு முன்னதாக, தன்னார்வலர்கள் வீட்டுக்கு வீடு போய், முகாம் எங்கே, எந்த நாள், என்ன ஆவணம் வேண்டும் என்று சொல்லித் தகவல் கையேடும் விண்ணப்பமும் கொடுத்தார்கள். திட்டத்தின் பெயரிலேயே முதல்வர் பெயர் இருந்தது, அதனால் இத்தனை மெனக்கெடல் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். பெயர் இருக்கிற நோட்டீஸ் போய்ச் சேரும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சிதான்.

வடகாட்டில் கிராம சபை, கீரமங்கலத்தில்?

இங்கே பலருக்கும் குழப்பம் வரும் ஒரு விஷயம் இருக்கிறது. வடகாடு ஊராட்சி. கீரமங்கலம் பேரூராட்சி. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான், கொண்டான் கொடுத்தான் உறவும் உண்டு. ஆனால் வடகாட்டுக்காரர் கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்கலாம். கீரமங்கலத்துக்காரருக்குக் கிராம சபை கிடையாது.

கிராம சபை ஊராட்சிகளுக்கு மட்டும்தான். முன்பு வருடத்துக்கு நாலு நாள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-ல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினமும் சேர்ந்து ஆறானது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லாருமே சபை உறுப்பினர்கள். ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும்.

இந்த ஆறு நாளும் காலண்டரில் நிலையாக இருக்கின்றன. அதனால்தான் கிராம சபை ஓரளவு மக்கள் மனதில் நின்றது. ‘ஆகஸ்ட் 15-ன்னா கொடி ஏத்துவாங்க, மிட்டாய் கொடுப்பாங்க, கிராம சபை நடக்கும்’ என்று பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நேரமும் இடமும் மட்டும் தெரிந்தால் போதும்.

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளுக்கு ரொம்ப நாள் இப்படி எதுவும் இல்லை. 2022-ல்தான் வார்டு குழு, பகுதி சபா விதிகள் வந்தன. அதே வருடம் நவம்பர் 1-ல் முதன்முறையாக நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபா கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார். வார்டைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தத் தெருக்காரர்கள் உட்கார்ந்து குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு பற்றிப் பேசுவதுதான் ஏற்பாடு. கவுன்சிலர்தான் தலைமை.

நல்ல ஏற்பாடுதான். சிக்கல், அது இன்னும் கொடியேற்றம் மாதிரி மனதில் பதியவில்லை என்பது. மரத்தடியோ சமுதாயக் கூடமோ, கவுன்சிலருக்குத் தெரிந்த பத்து இருபது பேர் வந்தால் கூட்டம் முடிந்துவிடும். போட்டோ எடுப்பார்கள், தீர்மானம் எழுதுவார்கள். பின் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டு மூக்கைப் பிடித்து நடக்கிறவருக்குக் கூட்டம் நடந்ததே தெரியாது. நோட்டீஸ் ஒட்டவில்லை என்று சொல்லவும் முடியாது, ஒட்டியிருப்பார்கள். அவர் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போவதே வருடத்தில் ஓரிரு முறை.

ஊராட்சிகளிலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2019 டிசம்பர் தேர்தலில் வந்த ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவரோ மெம்பரோ இருந்தால் டீக்கடையில் பிடித்துக் கேட்கலாம். தனி அலுவலரை டீக்கடையில் பிடிக்க முடியாது.

எல்லாத்தையும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால்?

சுலபமான வழி மாதிரித்தான் தெரியும். பல வார்டுகளில் கவுன்சிலர்களே குரூப் வைத்திருக்கிறார்கள், தண்ணீர் திறக்கிற நேரத்தைக்கூடப் போடுகிறார்கள். ஆனால் அந்தக் குரூப்பில் யாரைச் சேர்ப்பது என்பது கவுன்சிலர் கையில். தேர்தலில் எதிர்த்து வேலை பார்த்தவர் வீட்டு நம்பர் அதில் இருக்குமா? ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்கு? புதிதாகக் குடிவந்த வாடகை வீட்டுக்காரருக்கு?

இன்னொன்றை இந்தப் பகுதி மக்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து, பேராவூரணி, பட்டுக்கோட்டை, கீரமங்கலம் வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. மின்கம்பங்கள் விழுந்தன, செல்போன் டவர்கள் செயலிழந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நிவாரணப் பொருள் எங்கே தருகிறார்கள், தென்னைக் கணக்கெடுக்க எப்போது வருகிறார்கள் என்பதெல்லாம் அந்த நாட்களில் வாய்வழியாகத்தான் பரவ வேண்டியிருந்தது. மெயின் ரோட்டு ஊர்களுக்கு முதலில் கிடைத்தது. உள்ளே தள்ளி இருந்த குடியிருப்புகள் ‘எங்களுக்கு ஒண்ணும் வரல’ என்று சாலை மறியலில் உட்கார்ந்தார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இதை வேறு மாதிரி யோசித்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவு, யாரும் கேட்காமலேயே அரசு அலுவலகங்கள் தகவலை மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, ஊடகம், இணையம் என்று வரிசையாகவே அடுக்குகிறது. செலவு, உள்ளூர் மொழி, அந்தப் பகுதியில் எந்த வழியில் சொன்னால் நன்றாகப் போய்ச் சேரும் என்பதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. டீக்கடைப் பலகை நன்றாக வேலை செய்கிற ஊரில் டீக்கடையில் ஒட்டுங்கள் என்பதுதான் இதன் அர்த்தம். அலுவலகக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது இல்லை.

இப்போதைக்கு எங்கே கேட்பது?

மின் நிறுத்தம் பற்றி மின் வாரியத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். மின் இணைப்போடு செல்போன் எண்ணைப் பதிந்து வைத்தால் பில் தகவல்களோடு மின் நிறுத்தக் குறுஞ்செய்தியும் வரும். பழைய எண்ணே பதிவில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், பலருக்கு அப்பாவின் பழைய நம்பர்தான் இருக்கும். 94987 94987 என்ற மின்னகம் எண் 24 மணி நேரமும் வேலை செய்யும். தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு பற்றிய புகாருக்கு முதல்வரின் உதவி மையம் 1100.

வாக்காளர் பட்டியலில் புதிதாகச் சேர படிவம் 6, நீக்கவோ ஆட்சேபிக்கவோ படிவம் 7, திருத்தம், முகவரி மாற்றத்துக்கு படிவம் 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியை வைத்து 18 வயது கணக்கிடுகிறார்கள். அதனால் பிறந்தநாள் ஜூனில் வருகிற பிள்ளை அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பகுதி சபா தேதியைப் பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டால் சொல்லியாக வேண்டும். கேட்கும்போதே உங்கள் தெரு எந்தப் பகுதியில் வருகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே வார்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகள் இருக்கும், பக்கத்துத் தெருக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வர நேரிடலாம்.

குரூப்பில் வருகிற அறிவிப்புகளில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். போன வருஷத்து மின்தடை நோட்டீஸ் இந்த வருஷமும் சுற்றும். ‘நாளை’ என்று போட்டிருக்கும், எந்த நாளைக்கு முந்தின நாள் எழுதியது என்று இருக்காது. தேதியோடு வருஷமும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஃபார்வர்டு செய்வதற்கு முன்னால் மின்னகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.